ஒரு கட்டம் பாக்கி

"கஷ்டமானதா வேணுமா, லேசானதா வேணுமா?" என்று பரக்கத் அலி கேட்டார்.

இன்னாசிராஜுக்குப் பதில் தெரியவில்லை. பரக்கத் அலி தெப்பக்குளத்துப் பக்கம் பழைய புத்தகக் கடை வைத்திருந்தார். கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

"யாருக்குன்னாவது சொல்லுங்க தம்பி. புள்ளைங்களுக்கா?"

"பெரியவருக்கு. என் மாமனாருக்கு. ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆனவர்."

"அப்ப கனமாத்தான் வேணும்."

ஸ்டூலில் ஏறி மேல் தட்டிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை உருவினார். தூசி தட்டினார். காய்கறிக்காரர் பூசணிக்காயைத் தூக்கிப் பார்ப்பதுபோல உள்ளங்கையில் வைத்து ஆட்டினார்.

"புதிர் புக்கைக் கனத்தைப் பாத்து வாங்கணும் தம்பி. மெல்லிசா இருந்தா லேசு. தடியா இருந்தா கஷ்டம். கண்டக்டர் பரீட்சை புக்கும் அப்படித்தான், கலெக்டர் பரீட்சை புக்கும் அப்படித்தான்."

இன்னாசிராஜ் வாங்கிப் புரட்டினான். இங்கிலீஷ் புத்தகம். எங்கோ வெளிநாட்டில் அச்சடித்தது. எல்லாம் கட்டங்களில் எண்களை நிரப்புகிற புதிர்கள். எந்தப் பக்கம் கூட்டினாலும் ஒரே தொகை வர வேண்டிய மாயச்சதுரங்கள் சில. ஒரு வரிசையில் ஒரு எண் இரண்டு தடவை வரக் கூடாத கட்டங்கள் சில. எழுத்துக்குப் பதிலாக எண்களைப் போடுகிற குறுக்கெழுத்துகள் சில. மூன்றாவது வகைக்கு வரும்போதே அவனுக்குக் கண்ணைக் கட்டியது. அவன் பி.காம். வீட்டில் செல்விதான் கணக்கு.

செல்வி இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் அப்பாவுக்குக் கொண்டுபோகிற புதிருக்காகக் கிராப் தாளில் பென்சிலால் கட்டம் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அப்பாவுக்குப் பாத்து எடுக்கணுங்க. ரொம்ப லேசா இருந்தா கோவம் வரும். ரொம்ப கஷ்டமா இருந்தா மூடி வச்சிடுவார். ஒரே மாதிரி மூணு சேந்து வந்துச்சுன்னா தூங்கிடுவார்."

அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். உம் கொட்டினான். இப்போது அந்த மூன்று வாக்கியங்கள்தான் கையில் இருந்தன.

"இதையே கொடுங்க" என்றான்.

செல்வி என்கிற செல்வமேரி அவன் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போன அக்டோபரில் இறந்துவிட்டாள். கரு குழாயில் தங்கிவிட்டது, உடனே ஆபரேஷன் என்றார்கள். சின்ன ஆபரேஷன்தான் என்றும் சொன்னார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை அவனுக்கு வரிசையாக நினைவில்லை. காட்டூரில் அடக்கம். முப்பதாம் நாள் பூசை. கிறிஸ்துமஸ் வந்து போனது. புத்தூரில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்குப் போகிற தெருவில் ஒரு தையல்கடை. "சார், மேடம் ப்ளவுஸ் ரெடியாகி எவ்வளவு நாளாச்சு!" என்று தையல்காரர் கூப்பிட்டுச் சொன்னார். மறுநாளிலிருந்து அவன் வேறு தெருவைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான். செல்வியின் கைக்கடிகாரம் மேஜைமேல் இருந்தது. தினமும் காலையில் அதற்குச் சாவி கொடுத்தான். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

பிப்ரவரியில் பாங்க் மேனேஜரிடம் போய், எங்கேயாவது தூரமாக மாற்றல் கிடைக்குமா என்று கேட்டான். நாக்பூர் கிடைத்தது. ஸ்ரீரங்கம் கிளையில் அவன் இடத்துக்கு ஆள் வந்ததும் ஏப்ரல் கடைசியில் கிளம்ப வேண்டும். கிளம்பிவிட்டால் போதும் என்று இருந்தது. ஒன்றே ஒன்றுதான் தடுத்தது. காட்டூரில் மாமனார் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மறுத்தார்.

சவரிநாதன் ரயில்வே கண்ட்ரோல் ஆபீசில் இருந்தவர். காதில் போன், எதிரே அகலமான தாள், கையில் பென்சில். எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் நிற்க வேண்டும், எதற்கு எது வழிவிட வேண்டும் என்று கோடு கோடாக இழுத்துக்கொண்டே இருக்கிற வேலை. கல்யாணத்துக்கு முன்பு பெண் பார்க்கப் போன அன்றே இன்னாசிராஜிடம் சொன்னார்.

"கண்ட்ரோல் நாற்காலி காலியா இருக்கவே கூடாது மாப்பிள்ளை. அடுத்த ஆள் வரணும். தாளைப் பாக்கணும். அவர் கையால பென்சிலை வச்சு ஒரு கோடு இழுத்து, 'சார்ஜ் எடுத்துக்கிட்டேன்'னு வாயைத் திறந்து சொல்லணும். அப்பதான் நாம எந்திரிக்கலாம்."

எழுபத்தேழாம் வருஷத்து வெள்ளத்தில் அடுத்த ஆள் வர முடியவில்லை. தண்ணீர் வடிகிற வரை அவர் அந்த நாற்காலியிலேயே இருந்தார். வீட்டில் இதை ஒரு கேலியாகவே வைத்திருந்தார்கள். செல்வி அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குளிக்கப் போனால்கூட, "சார்ஜ் எடுத்துக்கோங்க" என்று அவனிடம் கத்திவிட்டுத்தான் போவாள்.

இப்போது சவரிநாதன் ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். சாப்பாட்டைக் கையில் கொண்டுவந்து கொடுத்தால் நாலு வாய். தூக்கமும் அதிலேயே. கால் வீங்கத் தொடங்கியது. டாக்டர் வந்து பார்த்தார். உடம்பில் ஒன்றுமில்லை, மனசை வேறு எதிலாவது திருப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குத்தான் புத்தகம். நல்ல புத்தகமாக, நாளாக நாளாகப் போட்டாலும் தீராததாக, அலுக்காததாக ஒன்று கிடைத்துவிட்டால் சனிக்கிழமைதோறும் செல்வி செய்த வேலையை அது செய்துவிடும். அவன் நாக்பூருக்குப் போய்விடலாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்குக் காட்டூர் போனான். மாமியார் வியாகுலம்மாள் முக்காட்டைக்கூட எடுக்காமல் வாசலில் நின்றிருந்தாள்.

"வாங்க தம்பி. சாப்ட்டீங்களா?"

"ஆச்சு அத்தை. மாமா எப்படி இருக்கார்?"

"எப்படி இருக்கார்? நேத்து இருந்த மாதிரி இருக்கார். நாளைக்கும் இதே மாதிரிதான் இருப்பார்."

கூடத்தில் செல்வியின் படத்துக்குக் கீழே சின்ன சிவப்பு பல்பு எரிந்தது. இன்னாசிராஜ் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்துபோய்ப் புத்தகத்தை மாமனாரின் மடியில் வைத்தான்.

"என்ன மாப்பிள்ளை இது?"

"புதிர் புக் மாமா. சும்மா, பொழுது போக."

சவரிநாதன் அட்டையைப் பார்த்தார். பின்பக்கத்தைப் பார்த்தார். முதல் பக்கத்தைத் திறந்து வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு அவர் கை சட்டைப் பையைத் தடவியது. பென்சில் அங்கேயே இருந்தது.

அடுக்களை வாசலில் வியாகுலம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மாதாவே, பென்சிலை எடுத்துட்டாரு" என்றாள்.

அவன் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பினான். பஸ்ஸில் வரும்போது நாக்பூருக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று யோசிக்க முடிந்தது.

அடுத்த ஞாயிறு போனபோது அவள் வாசலிலேயே மறித்தாள்.

"தம்பி, அந்தப் புக்கு ஆகாது போலிருக்கே."

"ஏன் அத்தை? போட மாட்டேங்கிறாரா?"

"போடுறாரு. நாள் பூரா போடுறாரு. ஆனா ஒண்ணையும் முடிக்கலை. அவரு கண் அசந்தப்ப எடுத்துப் பாத்தேன். எனக்கு அது என்ன எழவுன்னு தெரியாது. ஆனா எல்லாப் பக்கமும் பாக்கி நிக்குது. ஒண்ணு முடிச்சிருக்கணுமில்ல?"

"எந்திரிச்சாரா?"

"எங்க எந்திரிச்சாரு."

அவன் எட்டிப் பார்த்தான். ஜன்னல் வெளிச்சத்தில் சவரிநாதனின் பிடரி தெரிந்தது. புத்தகம் மடியில் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே போய் அதை வாங்கிப் பார்த்திருக்கலாம். சிவப்பு பல்பைத் தாண்டிப் போக வேண்டும். போகவில்லை.

ரொம்ப கஷ்டமா இருந்தா மூடி வச்சிடுவார். செல்வி சொன்னதுதான். கனம் பார்த்து வாங்கியது தப்பு.

வியாகுலம்மாளிடம் நாக்பூர் விஷயத்தையும் அன்றைக்கே சொன்னான். 

"எவ்வளவு தூரம் தம்பி?"

"ஒன்றரை நாள் ஆகும்."

"போங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, உங்க வயசு அப்படி. எங்களோட சேந்து நீங்களும் உக்காந்திருக்க முடியுமா?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவருகிட்ட நான் சொல்லலை. நீங்களே சொல்லிக்கோங்க."

அவனும் சொல்லவில்லை.

பாங்கில் பக்கத்து மேஜை ரங்கநாயகி. ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். ஒரு வேலை பாக்கி வைக்க மாட்டாள், பேச்சும் பாக்கி வைக்க மாட்டாள். அக்டோபருக்குப் பிறகு அவனிடம் மட்டும் பேச்சைக் குறைத்திருந்தாள். லேசான எண் புதிர் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று அவன் கேட்டதும் அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"எங்காத்துல ஒண்ணு இருக்கு சார். அப்பா வச்சிருந்தது, புக்குல எழுதாம தாள்லதான் போடுவார். பூரா மாயச்சதுரம். சாயரட்சைக்குக் கோயிலுக்குக் கிளம்பணும்னு அம்மா நிப்பா. இவர் 'இதோ, ஒரு கட்டம்'பார். பெருமாள் காத்துண்டிருக்கார்னு அம்மா கத்துவா. 'அவருக்கென்ன, படுத்துண்டுதானே இருக்கார்'பார்."

இன்னாசிராஜ் சிரித்தான். சிரித்தது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. உடனே வாயை மூடிக்கொண்டான்.

"அப்பாவுக்கு வேண்டாமா?"

"அப்பா ஆசார்யன் திருவடி அடைஞ்சு மூணு வருஷமாறது சார். நீங்க எடுத்துண்டு போங்கோ. திருப்பியே தர வேண்டாம். ஆனா ஒண்ணு, கஷ்டமா இருக்காது, ஆனா எல்லாம் ஒரே தினுசு. அலுத்துப் போகும்னா அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

சாயங்காலம் அவளோடு நடந்துபோய் வாங்கிக்கொண்டான். தெற்கு வாசலில் ராஜகோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தது. மேலே எங்கோ உளிச் சத்தம். இந்தக் கோபுரம் முடிந்ததும் உச்சி வரை ஏறிப் பார்க்க வேண்டும் என்று செல்வி சொல்வாள். விட மாட்டார்கள் என்று அவன் சொல்வான். கேட்டுப் பார்ப்போம், என்ன போச்சு என்பாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான்.

பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தான். நாலுக்கு நாலு சதுரங்கள். சில எண்களைக் கொடுத்திருந்தார்கள். மீதியை நிரப்ப வேண்டும். முதலாவதை அவனாலேயே பாலத்தைத் தாண்டுவதற்குள் போட முடிந்தது. ஒரே மாதிரி மூணு சேந்து வந்துச்சுன்னா தூங்கிடுவார் என்பது ஞாபகம் வந்தது. தூங்கினால் தூங்கட்டும் என்று நினைத்தான். ஒன்றையாவது முடிக்கட்டும்.

அந்த ஞாயிறு வாசலிலேயே மாமியார் கையில் கொடுத்தான். அதற்கடுத்த ஞாயிறு வியாகுலம்மாள் வாசலில் நிற்கவில்லை. அடுக்களையில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"இதுலயும் பாக்கி தம்பி. எனக்குப் பயமா இருக்கு. மூளையில ஏதாவது ஆயிருக்குமோ? பக்கத்து வீட்டு அருள்நாதன் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசியில பேரன் பேரே தெரியாமப் போச்சு."

அன்றைக்கும் அவன் சிவப்பு பல்பைத் தாண்டவில்லை. தூரத்திலிருந்தே, "வரேன் மாமா" என்றான். "ம்" என்று பதில் வந்தது.

அவன் இடத்துக்கு வரப்போகிறவர் தஞ்சாவூரிலிருந்து கடிதம் போட்டுவிட்டார். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்வாராம். நாக்பூருக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. இன்னும் லேசாக, அதைவிட லேசாக இருக்க முடியாது என்கிற அளவுக்கு ஒன்று வேண்டும். இன்னாசிராஜ் மறுபடி தெப்பக்குளத்துக்குப் போனான்.

"எப்படி, கனம் தாங்கினாரா?" என்றார் பரக்கத் அலி.

"மெல்லிசா கொடுங்க. இருக்கறதுலயே மெல்லிசு."

பரக்கத் அலி அவன் முகத்தைப் பார்த்தார். வியாபாரப் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து ஒரு கட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அட்டையில் பூனை. உள்ளே பெரிய பெரிய எழுத்து. விட்டுப்போன எண்ணைக் கண்டுபிடி. புள்ளிகளைச் சேர்.

"இது சின்னப் புள்ளைங்களுது தம்பி."

"தெரியும்."

குருத்து ஞாயிறு அன்று அதைக் கொண்டுபோனான். வியாகுலம்மாள் குருத்தோலையைச் சிலுவையாக மடித்துச் செல்வியின் படத்தில் செருகியிருந்தாள். இந்தத் தடவை அதைத் தாண்டிப் போகாமல் முடியாது. மாமனாரிடம் விடைபெற வேண்டும். அடுத்த ஞாயிறு ஈஸ்டருக்கு வர முடியுமோ முடியாதோ.

சவரிநாதன் புத்தகத்தை வாங்கினார். பூனையைப் பார்த்தார். உள்ளே புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். அக்டோபருக்குப் பிறகு அவர் ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசி இன்னாசிராஜ் கேட்டதில்லை.

"இதுல ஒண்ணுலேருந்து நாப்பது வரைக்கும் கோடு இழுத்தா வாத்து வரும்" என்றார். "எனக்கு வாத்து வேணுமா மாப்பிள்ளை?"



"உங்க அத்தை என்ன சொன்னா? எனக்கு மூளை பெசகிடுச்சுன்னாளா?"

"இல்ல மாமா. முடிக்க முடியலைன்னு சொன்னாங்க. கஷ்டமா இருக்கோன்னு…"

"யாருக்குக் கஷ்டம்? பதினாறு வண்டியை ஒத்தைத் தண்டவாளத்துல மோதாம ஓட்டினவன் நான். எனக்கு வாத்து வாங்கிட்டு வந்திருக்கீங்க." புத்தகத்தை மூடினார். "நாக்பூர் போறீங்களாமே. அதை ஊர்ல இருக்கிறவன் சொல்லித் தெரிஞ்சுக்கணும் எனக்கு. எந்த வண்டியில போறது, எங்க மாறுறதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். அதையாவது கேட்டிருக்கலாம்."

"தப்புதான் மாமா."

"எடுங்க அதை." நாற்காலிக்குக் கீழே கையைக் காட்டினார். முன்பு கொடுத்த இரண்டு புத்தகங்களும் அங்கே இருந்தன. "எடுத்துப் பாருங்க. எது முடியலை?"

இன்னாசிராஜ் தரையில் உட்கார்ந்து தடிப் புத்தகத்தைத் திறந்தான். பென்சிலில் பொடிப்பொடியாக, ஒரே உயரத்தில் எண்கள். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. சதுரங்கள், குறுக்கெழுத்துகள், அவன் பார்த்துத் திகைத்த எல்லாமும். முதல் பக்கத்தில் வலது மூலையில் ஒரு கட்டம் மட்டும் காலி. அடுத்த பக்கத்தில் நடுவில் ஒரு கட்டம் காலி. அதற்கடுத்ததில் மேல் வரிசையில். அவன் வேகமாகப் புரட்டினான். ரங்கநாயகியின் அப்பா புத்தகத்தையும் எடுத்தான். போட்டிருந்த ஒவ்வொரு புதிரிலும் ஒரே ஒரு கட்டம் காலி. எந்தக் குழந்தையும் கூட்டிப் பார்த்துப் போட்டுவிடக் கூடிய கட்டம்.

"இது ஏன் மாமா விட்டிருக்கீங்க?"

சவரிநாதன் ஜன்னலைப் பார்த்தார்.

"அது நான் போடறதில்லை" என்றார்.

வியாகுலம்மாள் கரண்டியோடு அடுக்களை வாசலுக்கு வந்திருந்தாள். அவளும் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மாறியது.

"ஒரு கட்டம்தானா?" என்றாள். "நான் பாக்கி நிக்குதுன்னு மட்டும்தான் பாத்தேன்." கரண்டியைக் கீழே வைத்தாள். "அவ செய்றதில்ல அது? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுட்டு ஓடுவா. அவரு தாள்ல ஏதோ ஒண்ணு எழுதுவா. அவரை எழுப்பி விட்டுட்டு நாற்காலியில ஏறி உக்காந்துக்குவா. அப்புறம்தான் இவரு கையைக் கழுவிட்டுச் சாப்பிட வருவாரு. கல்யாணத்துக்கு அப்புறமும் ஞாயித்துக்கெழமை அதேதான். நீங்க கறி வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருப்பீங்க. என்ன எழுதுவான்னு நான் ஒரு நாளும் பாத்ததில்லை தம்பி. எனக்கு அடுப்புல வேலை இருக்கும்."

அடுக்களையில் சோறு கொதிக்கும் சத்தம் கேட்டது.

இன்னாசிராஜுக்கு ஆஸ்பத்திரி நடை ஞாபகம் வந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் கூடவே ஓடினான். செல்வி கைக்கடிகாரத்தைக் கழற்றி அவன் கையில் வைத்து மூடினாள். உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் சிரித்தாள். "சார்ஜ் எடுத்துக்கிட்டேன்னு சொல்லுங்க" என்றாள். "சும்மா படு" என்றான் அவன். கதவு வரைதான் விட்டார்கள். அவள் தலையைத் திருப்பி அவனையே பார்த்துக்கொண்டு போனாள். இன்னும் பதில் வரவில்லையே என்று பார்க்கிற பார்வை. அவள் வெளியே வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

அவன் எழுந்தான். சவரிநாதனின் விரல்களுக்கிடையில் பென்சில் இருந்தது. கையை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை. அவன் கையை எடுக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பென்சில் அவன் உள்ளங்கைக்கு வந்தது. சூடாக இருந்தது.

ரங்கநாயகி கொடுத்த புத்தகத்தில் மாமனார் கடைசியாகப் போட்டிருந்த பக்கத்தை எடுத்தான். மேல் வரிசையில் பதினாறு, மூன்று, இரண்டு. நாலாவது காலி. கூட்டினால் முப்பத்து நாலு வர வேண்டும். யோசிக்க ஒன்றுமில்லை. யோசிக்க ஏதாவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதின்மூன்று என்று எழுதினான். அவன் எண் பெரிதாக, கோணலாக இருந்தது. செல்வி எழுதினால் இப்படி இருக்காது.

"சார்ஜ் எடுத்துக்கிட்டேன்" என்றான்.

சத்தம் வரவில்லை. வாயைத் திறந்து மறுபடி சொன்னான். "சார்ஜ் எடுத்துக்கிட்டேன் மாமா."

சவரிநாதன் அந்தப் பதின்மூன்றைப் பார்த்தார். உதட்டை அசைத்து மேலிருந்து கீழ் கூட்டினார். மூலைக்கு மூலை கூட்டினார். அவர் தாடையில் தண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை.

"நின்னுக்கிட்டு சார்ஜ் எடுக்க முடியாது மாப்பிள்ளை" என்றார்.

நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு எழுந்தார். முட்டி மடங்கியது. வியாகுலம்மாள் ஓடி வந்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, மகள் படத்தைக் கடந்து, அடுக்களைப் பக்கம் ஒவ்வொரு அடியாகப் போனார். வியாகுலம்மாள் பின்னாலேயே போனாள், விழுந்தால் பிடிக்க இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு.

இன்னாசிராஜ் நாற்காலியில் உட்கார்ந்தான். பிரம்பு நடுவில் குழிந்திருந்தது. ஜன்னல் வழியாக வேப்பமரமும் ஒரு துண்டு ரோடும் தெரிந்தன. இவ்வளவு மாதமும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். எதிரே சுவரில் செல்வி. முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான். பள்ளிக்கூட குரூப் போட்டோவிலிருந்து பெரிதாக்கிய படம். ஓரத்தில் வேறு யாரோ ஒரு டீச்சரின் தோள் தெரிந்தது.

அடுக்களையில் தட்டு வைக்கிற சத்தம். மாமனார் தண்ணீர் கேட்டார். திருவெறும்பூர் பக்கமிருந்து வண்டியின் ஊதல் கேட்டது.

"தஞ்சாவூர் வண்டி" என்று உள்ளே அவர் குரல். "லேட்டு."

"ஆமா, லேட்டு" என்று வியாகுலம்மாள் அழுதுகொண்டே சொன்னாள். அவளுக்கு எந்த வண்டி என்றுகூடத் தெரியாது.

இன்னாசிராஜ் மடியில் இருந்த புத்தகத்தைப் புரட்டினான். மற்றப் பக்கங்களில் கட்டங்கள் காலியாகவே இருந்தன. பென்சில் கையில்தான் இருந்தது. அவற்றை அவன் தொடவில்லை. அவை அவளுக்கு வைத்தவை. இன்றைய ஒன்றைத்தான் அவன் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த ஞாயிறு இன்னொன்று. இந்தப் புத்தகம் தீர்ந்தால் வேறு பார்க்க வேண்டும். லேசாகவும் கூடாது, மூடி வைக்கிற மாதிரியும் கூடாது, ஒரே தினுசாகவும் கூடாது. பரக்கத் அலியிடம் இல்லாவிட்டால் ஜங்ஷன் பக்கம் தேட வேண்டும்.

டிக்கெட் சட்டைப் பையில் இருந்தது. பாங்கில் அவனை விடுவிக்கத் தஞ்சாவூரிலிருந்து ஒருவர் வருகிறார். அதை நினைத்துப் பார்த்தான். இங்கே யாரும் வரப்போவதில்லை.

"தம்பி, நீங்களும் வாங்க. சோறு ஆறுது" என்று வியாகுலம்மாள் கூப்பிட்டாள்.

"இதோ வரேன் அத்தை" என்றான்.

நாற்காலியின் கைகளைப் பிடித்தான். எழுந்திருக்க முடியவில்லை.